போட்ட ஊசியும் போடாத ஊசியும்

செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து கடைவீதி வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். சித்திரை மாதப் பிற்பகல். பூ விற்கும் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டு, என் வலது கால் செருப்பு நாலு கடை தள்ளிக் கிடப்பதாகச் சொன்னாள். குனிந்து பார்த்தேன். தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். சூடு உறைக்கவே இல்லை.

அவள் செருப்பை எடுத்து வந்து கொடுத்தாள். நான் நன்றிகூடச் சொல்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாராவது கவனித்துவிட்டார்களா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தக் கடைவீதியில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். இந்த ஊரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினொரு வருடம்.

இதை இரண்டு விதமான ஆட்களுக்காக எழுதுகிறேன். சர்க்கரையால் காலில் புண் வந்து கட்டிலில் கிடப்பவர்களுக்கும், அவர்களுக்கு ஊசி போட வரும் நர்ஸுகளுக்கும். நான் இரண்டாகவும் இருந்திருக்கிறேன். இரண்டாக இருந்தபோதும் தப்பு செய்திருக்கிறேன்.

எனக்கு வந்திருந்ததை நியூரோபதி என்பார்கள் (நரம்பு பழுதாகி, காலில் தொடு உணர்வும் வலியும் மங்கிப்போவது). வலிக்காத கால் நல்ல கால் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வலிக்காத காலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். அன்று வீட்டுக்குப் போய்ப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது சுண்டு விரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் இருந்தது. யாரிடமும் காட்டவில்லை. எனக்குத் தெரியாத மருந்தா என்று நானே கழுவி, நானே கட்டுப் போட்டேன். பதினெட்டு நாள் அப்படியே ஓடியது.

கண்டுபிடித்தது என் கணவர். பெயர் ராஜவேலு. தாலுகா அலுவலகம் எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று ஊரார் குறையெல்லாம் அவர் கையெழுத்தில்தான் உள்ளே போகும். சாப்பிட உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்து, “இன்னா இந்திராணி, எதுனா செத்துக் கெடக்குதா ஊட்ல?” என்றார். செத்திருந்தது என் சுண்டு விரல்.

அன்று மாலையே ஊரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அறுவைச் சிகிச்சை மருத்துவர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். விரலை எடுத்தாக வேண்டும் என்றார். அதோடு நிற்குமா என்று கேட்டேன். “நிக்கிறது உங்க சர்க்கரையப் பொறுத்துதாம்மா. எரநூறுக்குக் கீழ வெச்சிருந்தா விரலோட போவும். ஏறிட்டே இருந்துதுன்னா கணுக்கால் வரைக்கும் யோசிக்கணும்” என்றார். ஆக, என் பாதம் தங்குவதும் போவதும் இன்சுலின் சரியாக உள்ளே போவதில் இருந்தது. அதைப் போடப்போவது நர்ஸுகள். நர்ஸுகளை எனக்குத் தெரியும்.

பெண்கள் வார்டு முதல் மாடியில். ஆறு கட்டில். என் கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னல் நிறையக் கோட்டை மலைப் பாறை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை மாலையில் அனலைத் திருப்பி அனுப்பும். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கண் முழுக்க நர்ஸுகளின் கைகளில் இருந்தது.

நர்ஸ் வேலை பார்த்தவள் நோயாளியானால் அவளைப்போலத் தொந்தரவு பிடித்த நோயாளி கிடையாது. கணவர் பையிலிருந்து நாலு மனுத்தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பார்த்த குறைகளையெல்லாம் நேரம் போட்டு எழுதினேன். யாரிடம் கொடுக்கப்போகிறேன் என்ற திட்டமெல்லாம் இல்லை. எழுதிக்கொண்டிருந்தால் நான் நோயாளி இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒருத்தி கையுறை போட்ட கையோடு செல்போனை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையோடு எதிர்க் கட்டில்காரியின் கட்டைப் பிரித்தாள். கையுறை நோயாளிக்காகப் போடுவது, நம் கை அழுக்காகாமல் இருக்க அல்ல. இன்னொருத்தி மாத்திரைகளை மேசைமேல் கொட்டிவிட்டு, “சாப்ட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விழுங்கியதைப் பார்க்காமல் விழுங்கியதாக எழுதக் கூடாது. மூன்றாவது ஒருத்தி டிரிப் ஏறும் கை வீங்கியிருக்கிறது என்று காட்டிய பெண்ணிடம், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாம் தாளில் ஏறியது.

பக்கத்துக் கட்டிலில் மண்டகப்பட்டிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். காலம் முழுக்கக் கழனி வேலை செய்தவர். பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்ந்திருந்தார். நர்ஸ் வந்து, “நீங்கதான பாக்கியம்?” என்றால் ஆமாம்மா என்பார். அடுத்த வேளை வேறொருத்தி கையில் வேறு சீட்டோடு வந்து, “நீங்கதான ஜெயா?” என்றாலும் ஆமாம்மாதான். வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடம் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். வேறொரு கட்டிலில் இருந்த ஜெயாவுக்கான ஊசி இவர் கையருகே வரை வந்தபோது நான்தான் சத்தம் போட்டு நிறுத்தினேன். நம் பக்கத்து ஆட்களிடம் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்கவே கூடாது. பேரு என்ன என்று கேட்டு அவர்கள் வாயாலேயே வரவைக்க வேண்டும். அன்று எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்ததை ஒத்துக்கொள்கிறேன். பார்த்தாயா, நான் சந்தேகப்பட்டது சரிதான் என்ற சந்தோஷம்.

பகல் ஷிப்டில் தேன்மொழி என்றொரு நர்ஸ். நாற்பது வயதிருக்கும். அவலூர்பேட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வருபவள். நான் நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்து என்னை மட்டும் அக்கா என்று கூப்பிட்டாள். மற்றவர்கள்மேல் இருந்ததைவிட அவள்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். காரணம், அவளிடம் தாளில் எழுத ஒன்றும் அகப்படவில்லை. கையைக் கழுவினாள். பெயரைக் கேட்டாள். இன்சுலின் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதில் நாற்பது யூனிட் மருந்து, நூறு யூனிட் மருந்து என்று இரண்டு வகை உண்டு. முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அவள் ஒருமுறையும் மாற்றி எடுக்கவில்லை. ஆனால் வேகம். அப்படி ஒரு வேகம். வேகமாக வேலை செய்யும் நர்ஸை நான் நம்புவதில்லை. அந்த வேகம் எதை விழுங்கி வருகிறது என்று எனக்குத் தெரியும். ‘தேன்மொழி, கவனிக்கவும்’ என்று தாளில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

சேர்ந்த மூன்றாம் நாள் காலை விரலை எடுத்தார்கள். முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. வார்டுக்குத் திரும்பியதும் குமட்டல் வந்ததால் சாப்பாடு வேண்டாம் என்று டிரிப் மட்டும் போட்டார்கள். அது டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை கலந்த நீர்). பதினொரு மணிக்கு என் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. பன்னிரண்டு மணிவாக்கில் தேன்மொழி வந்து தீர்ந்த பாட்டிலை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டினாள். அரைத் தூக்கத்தில் பார்த்தேன். எதுவும் பேசாமல் போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு முழுசாக விழித்துக்கொண்டேன். மதிய இன்சுலின் போடவில்லையே என்று தோன்றியது. கணவர் பக்கத்தில் இருந்தார். கட்டில் காலடியில் மாட்டியிருந்த சார்ட்டை எடுத்துத் தரச் சொன்னேன். இன்சுலின் என்ற கட்டத்தில் பன்னிரண்டு மணி என்று நேரம் போட்டு, டிக் அடித்து, கையெழுத்தும் போட்டிருந்தது. என்னை யாரும் ஊசியால் தொடவே இல்லை.

அந்த டிக் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படிப் போட்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் ஒரு மாலை நேரம். பன்னிரண்டு கட்டிலுக்கு நான் ஒருத்தி. பிரசவ அறையில் வேறு கூப்பிடுகிறார்கள். காய்ச்சல் அளவைக் குறிக்கும் கட்டத்தில் பன்னிரண்டு பேருக்கும் மேலிருந்து கீழாக ஒரே அளவை எழுதிவிட்டுப் போய்விட்டேன். யாருக்கும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. அதில் ஒருத்தி, வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்து இரண்டு நாள் ஆனவள். மறுநாள் காலை நடுங்கிக்கொண்டு கிடந்தாள். மருத்துவர் சார்ட்டைப் பார்த்து, நேற்று மாலை சாதாரணமாகத்தானே இருந்தது என்று கேட்டார். நான் ஆமாம் டாக்டர் என்றேன். அவளைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். பிழைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயந்தேன்.

நர்ஸுகளே, செய்வதற்கு முன்னால் எழுதாதீர்கள். நீங்கள் மறந்தாலும் அந்த எழுத்து உங்களைப் பிடித்துக்கொள்ளும். பிற்பாடு உலகத்தில் யார் போட்ட டிக்கைப் பார்த்தாலும் உங்களுக்கு உங்கள் டிக்தான் கண்ணுக்குத் தெரியும். எனக்கு அன்று அதுதான் நடந்தது.

சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது, இன்சுலின் போகவில்லை, பாதம் போகப்போகிறது. இந்த மூன்றும்தான் என் தலையில் ஓடின. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மணியை அமுக்கினால் அரை நிமிடத்தில் வந்திருப்பாள். கேட்டால் போட்டாயிற்று என்று சாதிப்பாள், நான் அப்படித்தானே சாதித்தேன் என்று நினைத்தேன். கணவரை இளநீர் வாங்கிவரக் கீழே அனுப்பினேன். தலைமாட்டில் இருந்த என் பையில் சின்ன பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு என்னுடைய இன்சுலின் புட்டியையும், பக்கத்தில் ஊசியையும் வைத்திருந்தேன். வீட்டில் வழக்கமாகப் போடும் பதினாறு யூனிட்டை இழுத்து, போர்வைக்குள் வயிற்றில் போட்டுக்கொண்டேன். ஊசியைப் பைக்குள் ஒளித்தேன். மனசு அப்படி நிம்மதியானது.

மூன்று மணிக்கு எனக்கு வியர்த்தது. மின்விசிறி சுற்றியும் முதுகு நனைந்தது. இளநீரை மேசைமேல் வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருந்த கணவரிடம் எதையோ சொல்ல முயன்றேன். நாக்கு தடித்துப் போயிருந்தது. அசதியில் உளறுகிறேன் என்று அவர் விசிறிவிட்டிருக்கிறார். அதன்பிறகு எனக்கு நினைவில்லை.

நடந்ததைப் பிறகு மண்டகப்பட்டு அம்மாதான் சொன்னார். அடுத்த கட்டிலுக்கு வந்த தேன்மொழி என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாளாம். விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்து நாலு. ஹைப்போகிளைசீமியா (ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிப்போவது). இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூளை பழுதாகியிருக்கும். அடர்த்தியான குளுக்கோஸை நரம்பில் ஏற்றி அவள் என்னை மீட்டாள். அந்த வேகத்தைத்தான் நான் தாளில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

கண் திறந்தபோது மருத்துவர் நின்றிருந்தார். டிரிப் பாட்டிலில் எத்தனை யூனிட் கலந்தாய் என்று தேன்மொழியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து என்றாள் அவள். நீங்கள் எழுதிய பத்துதான் டாக்டர் என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாப்பிடாமல் இருப்பவர்களுக்கு இன்சுலினைப் பாட்டிலுக்குள்ளேயே கலந்து ஏற்றும் முறை உண்டு. எங்கள் நர்சிங் ஹோமில் அப்படிச் செய்ததில்லை, தனியாகத்தான் ஊசி போடுவோம். அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. மெல்லத் தலையைத் திருப்பிப் பாட்டிலைப் பார்த்தேன். மருத்துவர் அதைத் திருப்பிப் பிடித்திருந்தார். சுவர்ப்பக்கம் இருந்த பரப்பில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, இன்சுலின், பத்து யூனிட், நேரம், தேன்மொழி என்று பேனாவால் எழுதியிருந்தது. எல்லாம் சரியாக எழுதியிருந்தது. அவள் செய்யாதது ஒன்றே ஒன்று. பாட்டிலை மாட்டும்போது, இதில் இன்சுலின் இருக்கிறது அக்கா என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள், போர்வைக்குள் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொண்டாள் என்று ஊர் சொல்லும் என்று நினைத்தேன். வெட்கம். வேறொன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் தெளியவில்லை என்று நினைத்து என்னை விட்டுவிட்டார்கள்.

என்னைத் தூக்கிப் படுக்கவைக்கும்போது தலையணைக்கு அடியிலிருந்த தாள்கள் கீழே விழுந்திருக்கின்றன. என் கணவர் எடுத்துப் படித்துவிட்டார். ‘தேன்மொழி, கவனிக்கவும்’ என்ற வரியும் அடிக்கோடும் அவருக்குப் போதும். எழுத்து அவருடைய தொழில். மறுநாள் காலை மருத்துவமனை நிர்வாகியிடம் இரண்டு பக்க மனு கொடுத்தார். மேற்படி செவிலியரின் கவனக்குறைவால் என் மனைவி உயிருக்குப் போராட நேர்ந்தது என்று தொடங்கி, உரிய நடவடிக்கை எடுக்குமாறு வேண்டி முடித்திருந்தார். என்னிடம் காட்டினார். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னேன். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

தேன்மொழியை வார்டிலிருந்து எடுத்துக் கீழே வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் உட்காரவைத்தார்கள். வாரக் கடைசியில் முடிவு சொல்வதாக நிர்வாகி சொன்னாராம். வேலை போய்விடும் என்று மற்ற நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள். போவதற்கு முன்னால் அவள் என் கட்டிலருகே வந்தாள். “அக்கா, நான் எதுனா தப்பா கலந்துட்டனா? நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. அதனால்தான் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

நான் வாயை மூடிக்கொண்டதற்கு இன்னொரு விளைவும் இருந்தது. பத்து யூனிட்டுக்கே முப்பத்து நாலுக்கு இறங்கிவிட்டேன் என்று மருத்துவர் நம்பினார். என் உடம்பு இன்சுலினைத் தாங்கவில்லை என்று கணக்குப் போட்டு மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அவர் கணக்கில் தப்பில்லை. நான் மறைத்தது அதில் இல்லை, அவ்வளவுதான். அன்று மாலை சர்க்கரை முந்நூற்று இருபது. மறுநாள் காலை முந்நூற்று எழுபது, மாலையில் நானூற்றுப் பத்து. ஒவ்வொரு எண்ணாக என் காதில் விழுந்தது. எதனால் ஏறுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அந்த எண்களைக் கேட்டுக்கொண்டு பேசாமல் படுத்திருந்தேன்.

அதற்கடுத்த நாள் காலை மருத்துவர் கட்டைப் பிரித்தார். பக்கத்து விரல் கறுத்திருந்தது. காயத்தின் விளிம்பை அழுத்திப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளைக்குள் குறையவில்லை என்றால் புதுச்சேரிக்கு அனுப்பிவிடுவதாகவும், அங்கே கணுக்காலோடு எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம் என்றும் சொன்னார். மருந்தை ஏற்றலாமே என்று என் கணவர் கேட்டார். “ஏத்தப் பயமா இருக்குதுங்க. அன்னிக்கிப் பாத்தீங்க இல்ல?” என்றார் மருத்துவர்.

என் பாதத்தைக் காப்பாற்றத்தான் நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். அதே ஊசியால் இப்போது பாதம் போகவிருந்தது. தேன்மொழிக்காகத்தான் உண்மையைச் சொன்னேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இல்லை. என் காலுக்காகச் சொன்னேன். கீழே இருக்கும் தேன்மொழியைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் முதலில் சொன்னேன். அவள் வந்து கதவோரம் நின்றாள். பையிலிருந்து ஊசியையும் புட்டியையும் எடுத்துப் போர்வைமேல் வைத்தேன். “அன்னிக்கி நானும் பதினாறு யூனிட் போட்டுக்கிட்டேன் டாக்டர். இவங்க போடலைன்னு நெனச்சிட்டேன்” என்றேன்.

யாரும் திட்டவில்லை. மருத்துவர் சார்ட்டை வாங்கி நின்ற இடத்திலேயே மருந்தளவை மாற்றி எழுதினார். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தேன்மொழி கிட்டே வந்து அந்த ஊசியைப் பார்த்தாள்.

“ரெண்டு நாளா ஊட்ல ஊசிய எடுத்து வெச்சிக்கினு, பத்து யூனிட்டு பத்து யூனிட்டா தண்ணிய இழுத்து இழுத்துப் பாத்தேன். கோடு சரியாத்தான் தெரிஞ்சிது. அப்பவும் நம்பிக்க வரல. நேத்து போயி கண்ணு டெஸ்ட் பண்ணிக்கினு வந்தேன்” என்றாள். பிறகு மருத்துவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு கீழே போய்விட்டாள்.

என் சந்தேகம் என்னோடு நிற்கவில்லை. அவள் கண்ணையே அவள் நம்ப முடியாதபடி செய்திருந்தது. நான் அழுதேன். மண்டகப்பட்டு அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அன்று பிற்பகல் கணவரை மனுத்தாள் எடுக்கச் சொன்னேன். கொடுத்த மனுவைத் திரும்ப வாங்குவது அவர் தொழிலில் பெரிய இழுக்கு. முனகிக்கொண்டேதான் பேனாவைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் நிறுத்திவிட்டு, “தப்பு செஞ்சவங்க பேருன்னு ஒரு எடம் வருது. அங்க இன்னா எழுதறது?” என்று கேட்டார்.

“எம் பேர எழுதுங்க.”

அவர் எழுதவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் எழுதுகிற கை அந்த ஒரு பெயரை எழுத நேரம் எடுத்துக்கொண்டது. நிர்வாகி அந்த மனுவைப் படித்தபின் தேன்மொழியை மறுநாளே வார்டுக்கு அனுப்பினார். சர்க்கரை இரண்டு நாளில் இருநூறுக்குக் கீழே வந்தது. கறுத்த விரலை மீட்க முடியவில்லை. அதையும் எடுத்தார்கள். பாதம் தங்கியது.

அந்த இரண்டாவது விரல் தேன்மொழியின் தப்பால் போகவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இதைப் படிக்கும் நர்ஸுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கை கழுவுவது, பெயர் கேட்பது, மூடியின் நிறம் பார்ப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். போடுவதை வாய்விட்டுச் சொல்லிப் போடுங்கள். படுத்திருப்பவர் தூங்குகிறார், படிக்காதவர், எல்லாம் தெரிந்த நர்ஸ், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று. சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்காமல் வைத்திருக்கும் சந்தேகம் அளவு தப்பிய மருந்தைப்போல வேலை செய்ய ஆரம்பித்துவிடும். வீட்டிலிருந்து கொண்டுவந்ததை ஒளித்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டுக்கொண்டுவிட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. என் கால் என்னிடம் எதையும் சொல்வதில்லை. கல் குத்தினாலும் சொல்லாது, தண்ணீர் கொதித்தாலும் சொல்லாது. தினமும் காலையில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாதத்தை அதன்மேல் பிடித்துப் பார்க்கிறேன். பார்த்த பிறகும் கணவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். முன்பெல்லாம் என் நாள் ஷிப்ட் கணக்கில் ஓடியது. காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று மூன்று துண்டு. இப்போது ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் இருக்கும் அரைமணி நேரம்தான் என் நாளில் பெரிய நேரம். அந்த அரைமணியில், போட்டேனா இல்லையா என்று என்னையே நான் நம்பாமல் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகிறேன். போன வாரம் தேன்மொழிதான் இருந்தாள். இப்போது என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை, எல்லோரையும்போல அம்மா என்கிறாள். பெயரைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். காலையில் எத்தனை யூனிட் போட்டீர்கள் என்று கேட்டாள். பதினாறு என்றேன்.

“வேற எதுனா நீங்களா போட்டுக்கினீங்களாம்மா?”

“இல்ல.”

அவள் அதை எழுதவில்லை. பேனாவைத் தாளின்மேல் பிடித்தபடியே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் தொட்டு வைத்தாள். கருவி ஐந்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே எண்ண ஆரம்பித்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். நான் சொன்னது உண்மைதானா என்று அந்தக் கருவி சொல்வதற்காக அவளோடு சேர்ந்து நானும் காத்திருந்தேன். நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. அதன் பிறகுதான் எழுதினாள்.